மொந்தனை நான் கேட்கவில்லை

கண் இமை இறங்கினால் என்ன ஆகும் என்று யாராவது என்னிடம் கேட்டால், வீட்டில் வாழைக்காய் நிறைந்துவிடும் என்றுதான் முதலில் சொல்ல வருகிறது. வேடிக்கைக்குச் சொல்லவில்லை. எனக்கு அப்படித்தான் தெரிய வந்தது. இப்போது தையலும் பிரித்தாயிற்று, வீக்கமும் வடிந்துவிட்டது. கண்ணாடியில் பார்த்தால் யாரோ என் தம்பி நிற்பது போல இருக்கிறது. இந்த முகம் பழகிப்போவதற்குள் நடந்ததை எழுதிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். சில இடங்களில் எது முன்னால் நடந்தது, எது பின்னால் நடந்தது என்று எனக்கே குழப்பம் உண்டு. என் மனைவி சரஸ்வதி பக்கத்தில் உட்கார்ந்து திருத்திக்கொண்டிருக்கிறாள். அவள் திருத்தியதில் பாதியை நான் ஒப்புக்கொள்ளவில்லை.

நான் குமரேசன், பரமத்தி வேலூரில் வாழைத்தார் வியாபாரி. ஏலத்தில் தார் எடுத்துச் சேலத்துக் கடைகளுக்கு அனுப்புகிறேன். பூவன், ரஸ்தாளி, எப்போதாவது கற்பூரவல்லி. மொந்தனைத் தொட்டதில்லை. மொந்தன் சமையல் காய், அதற்கு வேறு ஆட்கள், வேறு கடைகள். ஏலத்தில் தார்களைத் தரையில் வரிசையாக அடுக்கியிருப்பார்கள். ஏலம் கூறுகிறவர் வரிசையை ஒட்டி நடந்தபடி விலையை ஏற்றிக்கொண்டே போவார், நாங்களும் கூடவே நடப்போம். புதிதாக வருகிறவர்கள்தான் வாய்விட்டு விலை கேட்பார்கள். பழகிய வியாபாரி வாயைத் திறப்பதில்லை. ஏலக்காரர் முகத்தைப் பார்த்துப் புருவத்தை ஒரு தடவை தூக்கினால் போதும், அடுத்த விலை அவன் கணக்கில் ஏறிவிடும். பக்கத்தில் நிற்கிற போட்டிக்காரனுக்குக்கூடச் சட்டென்று தெரியாது. யாருக்கு விழுந்தது என்று கத்திச் சொல்வதும் இல்லை. தாரின் காம்பில் அவரவர் குறியைச் சுண்ணாம்பில் போட்டுவிடுவார்கள். என் குறி வட்டம். குறி விழுந்த தாரை வேண்டாம் என்று சொல்கிற வழக்கம் எங்களிடம் கிடையாது. தூக்கிவிட்டு இல்லை என்கிறவனை மறுநாள் முதல் யாரும் ஓர் ஆளாக மதிப்பதில்லை.

எங்களுக்கு ஏலம் கூறுகிறவர் கந்தசாமி மாமா. உறவு என்று பார்த்தால் தூரம்தான். என்றாலும் மாமா, மாப்பிள்ளை என்றே பேசிப் பழகிவிட்டோம். ஒருநாள் மதியம் என் வீட்டு வாசலில் ஒரு வண்டி வந்து நின்றது. இறக்கியதெல்லாம் மொந்தன். ஒவ்வொரு காம்பிலும் வட்டம் போட்டிருந்தது. அதற்கு முந்திய வாரங்களிலும் நான் நினைத்ததைவிடக் கூடுதலாகப் பூவன் வந்திருந்தது. அதை என் ஞாபகப் பிசகு என்று விட்டுவிட்டேன். மொந்தனை அப்படி விட முடியவில்லை.

சாயங்காலம் மாமாவே வந்தார். வாசலில் கிடந்த குவியலைப் பார்த்துவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்தார்.

"ஏனுங் மாப்ள, மொந்தன் யாவாரத்துல எப்பங்க எறங்குனீங்க? ஒரு வார்த்த சொல்லலீங்களே."

"நான் எங்கீங்க மாமா எறங்குனேன்? குறிய மாத்திப் போட்டுட்டாங்களாட்ட இருக்குதுங்க."

"குறி போடறப்ப நான் பக்கத்துலதான நின்னேன். நீங்க என்னயப் பாத்துத் தூக்குனீங்க. ஒருக்கா இல்லீங்க, ஒவ்வொரு வெலைக்கும் தூக்குனீங்க."

"நான் தூக்கலீங்க மாமா."

மாமா சரஸ்வதி கொடுத்த காப்பியைக் குடித்து முடித்தார். "சரிங்க, தூக்கலீன்னா தூக்கலீங்க," என்று சொல்லிவிட்டு எழுந்து போனார். அந்தச் சரி எனக்குச் சுருக்கென்று தைத்தது. அவர் பொய் சொல்கிற ஆள் இல்லை. நானும் பொய் சொல்லவில்லை. அப்படியானால் தூக்கியது யார்? மண்டையில் ஏதோ கழன்றுவிட்டதோ என்ற பயம் எனக்கு அன்றுதான் வந்தது. யாரிடமும் சொல்லவில்லை.

கொஞ்ச காலமாகவே சில தொந்தரவுகள் இருந்தன, நான்தான் சேர்த்துப் பார்க்கவில்லை. பொழுது சாய்ந்தால் நெற்றியில் கயிறு போட்டு இறுக்கியது போல வலிக்கும். பிடரியும் வலிக்கும். தலையைப் பின்னால் சாய்த்து, மோவாயைத் தூக்கிக்கொண்டுதான் எதிரில் நிற்பவரைப் பார்ப்பேன். நாலு காசு சேர்ந்ததும் ஆள் நிமிர்ந்துவிட்டான் என்று முதுகுக்குப் பின்னால் பேசியது காதில் விழுந்தது. நாமக்கல் போக வேண்டியவன் பஸ்ஸின் போர்டை அண்ணாந்து பார்க்கச் சோம்பல்பட்டுக் கரூர் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்து, டிக்கெட் கேட்கும்போது முழித்திருக்கிறேன். கண்ணாடிக் கடையில் இரண்டு தடவை பவர் மாற்றிப் பார்த்தாயிற்று. தரையில் கிடக்கிற தார் மட்டும் நன்றாகத் தெரிந்தது. அதனால் கண்ணில் குறை என்று எனக்குத் தோன்றவே இல்லை. வாழைக்காய் கீழே இருக்கிறது, மனிதர்கள் முகம்தானே மேலே இருக்கிறது.

எங்கள் ஊர் டாக்டர் சர்க்கரை பார்த்தார், பிரஷர் பார்த்தார். கையை நீட்டச் சொன்னார், சிரிக்கச் சொன்னார், நாக்கை நீட்டச் சொன்னார். "லேசா வாதம் வந்துட்டுப் போயிருக்கலாம். வராமலும் இருக்கலாம்," என்றார். இரண்டில் எது என்று கேட்டதற்குச் சேலம் போய்ப் பாருங்கள் என்றார்.

என் மகள் நித்யா கல்யாணமாகிச் சேலத்தில் அஸ்தம்பட்டியில் இருக்கிறாள், அங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். விஷயம் கேள்விப்பட்டதும் அவள் செல்போனை எடுத்துப் பேரன் பிறந்தநாள் படங்களை வரிசையாகத் தள்ளிக் காட்டினாள். எல்லாப் படத்திலும் நான் கண்ணை மூடிக்கொண்டிருந்தேன்.

"நான் கண்ணச் சிமிட்டறப்பவே பாத்து எடுத்திருக்கற சாமி," என்றேன்.

"இத்தன படத்துலயும் ஒரே நேரத்துலயா சிமிட்டுவீங்க? நல்லாப் பாருங்கப்பா. மேல் இமை கீழ எறங்கி நிக்குது."

பார்த்தேன். எனக்கு அந்த முகம் தூங்குகிற ஒருவன் முகமாகத்தான் தெரிந்தது. தூங்குகிறவன் எப்படிக் கேக் வெட்டுகிறான் என்றுதான் விளங்கவில்லை.

ஆஸ்பத்திரி அவள் வீட்டிலிருந்து ஸ்கூட்டியில் போகிற தூரம்தான். காத்திருக்கும் கூடத்தில் பாதிப் பேருக்கு ஒரு கண்ணில் பஞ்சு ஒட்டியிருந்தது. பக்கத்து நாற்காலிப் பெரியவர் சும்மா இருக்கவில்லை. "உங்களுக்கு எந்தக் கண்ணுங்க?" என்று கேட்டார்.

"கண்ணு ரெண்டும் நல்லாத்தானுங்க இருக்குது."

"பின்ன எதுக்கு வந்தீங்க?"

"அதுதானுங்க தெரியல," என்றேன். அவர் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்துகொண்டார்.

கண்ணில் மருந்து ஊற்றிப் பார்த்தார்கள். கண் நன்றாக இருக்கிறது, இமைதான் இறங்கியிருக்கிறது என்றார்கள். இதற்கு இங்கிலீஷில் டோசிஸ் என்று பெயர். எழுதும்போது முன்னால் ஓர் எழுத்து வருமாம், சொல்லும்போது அதை விழுங்கிவிட வேண்டுமாம். நித்யா சொல்லித்தான் தெரியும். எதனால் இறங்கியது என்று தெரிய முதலில் நரம்பு டாக்டரைப் பார்க்க வேண்டும் என்று அனுப்பினார்கள்.

நரம்பு டாக்டர் இளவயதுக்காரர், மெதுவாகப் பேசினார். "காலையில நல்லா இருந்து, சாயங்காலம் ஆக ஆக இறங்குதா?" என்று கேட்டார். ஆமாங்க என்றேன். சரஸ்வதி உடனே இடையில் புகுந்தாள்.

"இல்லீங்க டாக்டர், காத்தால எந்திரிக்கறப்பவே அப்படித்தானுங்க இருக்குது."

"என்ற கண்ணு எனக்குத் தெரியாதா?"

"உங்க கண்ணு உங்களுக்கு எப்படீங்க தெரியும்? நாந்தான பாக்கறேன்."

டாக்டர் இரண்டு பேர் சொன்னதையும் எழுதிக்கொண்டார். அவருக்கு ஒரு சந்தேகம் இருந்தது. மயஸ்தீனியா என்று ஒரு நோய் உண்டாம். நரம்பு சொல்லி அனுப்புகிற சேதி தசைக்குச் சரியாகப் போய்ச் சேராது, அதனால் தசை சீக்கிரமே களைத்துவிடும். சிலருக்கு இமையில் தொடங்கி, பிறகு சாப்பாடு விழுங்குவதிலும் மூச்சு விடுவதிலும்கூடச் சிரமம் வருமாம். அதைக் கண்டுபிடிக்க ஒரு நர்ஸ், ரப்பர் கையுறைக்குள் ஐஸைப் போட்டு முடிச்சுப் போட்டு என் மூடிய கண்கள் மேல் வைத்தார். குளிர்ந்தால் அந்த நோய்க்காரருக்கு இமை ஏறுமாம். எடுத்ததும் மூன்று பேரும் என் முகத்தையே பார்த்தார்கள்.

"ஏறின மாதிரியும் இருக்கு, ஏறாத மாதிரியும் இருக்கு," என்றார் டாக்டர்.

ரத்தம் எடுத்து வெளியூருக்கு அனுப்பினார்கள். முடிவு வர நாளாகும் என்றார்கள். அதோடு நெஞ்சை ஸ்கேன் எடுக்கச் சொன்னார்கள். கண் இமைக்கு நெஞ்சில் என்ன வேலை என்று எனக்குப் பிடிபடவே இல்லை. நெஞ்செலும்புக்குப் பின்னால் ஒரு சுரப்பி இருக்கிறது, இந்த நோயில் அது வீங்கியிருக்கலாம் என்று நித்யா விளக்கினாள். மொந்தனில் ஆரம்பித்து நெஞ்சுவரை வந்துவிட்டோம், இனி எங்கே போய் நிற்குமோ என்றுதான் இருந்தது.

ரத்தத்தின் முடிவு வரும்வரை நான் பட்ட பாடு சொல்லி மாளாது. சோறு விழுங்கும்போதெல்லாம் சரியாக இறங்குகிறதா என்று கவனித்தேன். அப்படிக் கவனித்தால் யாருக்கும் சரியாக இறங்காது. மூச்சையும் கவனித்தேன், அதுவும் முட்டியது. சரஸ்வதி சோற்றைக் குழைவாக வடிக்க ஆரம்பித்தாள். ரசம் ஊற்றிப் பிசைந்து கிண்ணத்தில் வைப்பாள், கேட்டால் அரிசி அப்படி என்பாள். இடையில் ஒருநாள் ஏலத்துக்குப் போனேன். வம்பே வேண்டாம் என்று மாமாவின் முகத்தை ஏறெடுத்துப் பார்க்காமல் தார்களையே பார்த்துக்கொண்டு நடந்தேன். அன்று ஒரு தார்கூட எடுக்காமல் வீட்டுக்கு வந்தேன். மாமாவும் என்னிடம் பேசவில்லை. இப்படியே போனால் இந்தத் தொழிலில் எனக்கு இடம் இருக்காது என்று தெளிவாகத் தெரிந்தது. அந்தக் குழப்பத்தில் தெளிவாகத் தெரிந்தது அது ஒன்றுதான்.

ரத்தத்தில் ஒன்றும் இல்லை, நெஞ்சிலும் ஒன்றும் இல்லை. சந்தோஷப்பட வேண்டிய இடம். எனக்கோ, அப்படியானால் புத்திதான் பிசகிவிட்டது என்று உறுதியாகிவிட்டது. நரம்பு டாக்டர் என்னை இமைக்கென்றே படித்த ஒரு டாக்டரம்மாவிடம் அனுப்பினார். கண் டாக்டர்களிலும் இமைக்கு மட்டும் தனி டாக்டர் உண்டு என்பது எனக்குப் புதுச் செய்தி.

அந்த அம்மா நிறையக் கேள்வி கேட்கவில்லை. என்னை நேராக உட்கார வைத்து, தன் கட்டை விரல்கள் இரண்டையும் என் புருவத்தின் மேல் வைத்து எலும்போடு சேர்த்து அழுத்திக்கொண்டார்.

"இப்ப என்னைப் பாருங்க," என்றார்.

எனக்கு ஒன்றுமே தெரியவில்லை. கீழே ஒரு கீற்று வெளிச்சம், அதில் அவருடைய செருப்பு. அவ்வளவுதான்.

"தெரியலீங்க."

விரலை எடுத்தார். உடனே நெற்றி மேலே ஏறியது, அவர் முகம் தெரிந்தது. மறுபடி அழுத்தினார், செருப்பு. எடுத்தார், முகம்.

"பாத்தீங்களா? உங்க இமை கருவிழிய முக்கால்வாசி மூடிடுச்சு. அதனால நெத்தித் தசைய வெச்சுப் புருவத்தத் தூக்கி, அதோட இமையையும் இழுத்துத்தான் பாக்கறீங்க. யார் முகத்தப் பாக்கணும்னாலும் புருவம் தானா மேல போகுது. உங்களுக்கே தெரியாது."

நான் நாற்காலியிலிருந்து எழுந்தேவிட்டேன்.

"அப்ப மொந்தன நான் கேக்கலீங்க," என்றேன்.

"என்ன மொந்தன்?"

சரஸ்வதி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அவள் சிரிக்கிறாளா அழுகிறாளா என்று அந்த டாக்டரம்மாவுக்கு மட்டுமல்ல, எனக்கும் தெரியவில்லை. நித்யாதான் ஏலத்தின் வழக்கத்தை அவருக்கு விளக்கினாள். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு முழுதாகக் கேட்டார். இத்தனை வருஷத்தில் இந்தக் கஷ்டத்தோடு ஒருவரும் தன்னிடம் வந்ததில்லை என்றார்.

விஷயம் இவ்வளவுதான். இமையைத் தூக்க உள்ளே ஒரு தசை இருக்கிறது. அது ஒரு மெல்லிய நாணால் இமையோடு ஒட்டியிருக்கும். எனக்குத் தசை நன்றாகவே இருக்கிறது, நாண்தான் வயதாலோ, கண்ணைக் கசக்கிக் கசக்கியோ தளர்ந்து நழுவிவிட்டது. இமையின் மடிப்பில் கீறி, அந்த நாணைப் பிடித்து இழுத்து, பழைய இடத்தில் வைத்துத் தைத்தால் சரியாகிவிடும். இவ்வளவு எளிதான காரியத்துக்கா நெஞ்சுவரை போனோம் என்று மலைப்பாக இருந்தது.

ஆஸ்பத்திரி வாசலில் நின்றபடியே மாமாவுக்குப் போன் போட்டேன். முழுக் கதையையும் சொன்னேன்.

"மாமா, இருக்கீங்களா?"

"இருக்கறேனுங்க மாப்ள. நான் உங்களப் பொய்யங்காரன்னு நெனச்சுட்டேனுங்களே."

"நானும் உங்களயத் தப்பா நெனச்சனுங்க. வேண்டாத சரக்க என்ற தலைல கட்டறீங்கன்னு."

"அது போகுதுங்க. இனி ஒண்ணு பண்ணலாமுங்க. உங்க புருவம் கணக்குல இல்லீன்னு எல்லாத்துக்கும் சொல்லிப்போடறேன். நீங்க வேணும்னா வாய்ல கேட்டுப்போடுங்க."

நல்ல மனசோடுதான் சொன்னார். ஆனால் மறுநாளே சந்தை முழுக்கப் பரவிவிட்டது. குமரேசன் புருவம் செல்லாது என்று பொடிசுகள்கூடச் சொல்லிச் சிரித்தன. நேற்று வந்தவனைப் போல நான் வாயைத் திறந்து விலை கேட்டேன். கேட்டதும் பக்கத்தில் இருப்பவன் தாண்டிக் கேட்டான். என் மனசில் இருப்பது எல்லோருக்கும் தெரிந்துபோனால் அப்புறம் என்ன வியாபாரம்? விவசாயிகளுக்கோ உள்ளூர வருத்தம். என் புருவத்தால் அதுவரை அவர்களுக்கு நல்ல விலை கிடைத்துக்கொண்டிருந்தது. "ஆபரேசன் எல்லாம் எதுக்குங்க, அப்படியே உட்டுருங்க, உங்க மூஞ்சிக்கு நல்லாத்தான் இருக்குது," என்று ஒருவர் டீ வாங்கிக் கொடுத்துச் சொன்னார். எந்தத் தாரை நான் கேட்டேன், எந்தத் தாரை என் நெற்றி கேட்டது என்று யோசித்துப் பார்த்தால் இப்போதும் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

அடுத்து இன்சூரன்ஸ். அதற்கென்று ஆஸ்பத்திரியில் ஒரு மேஜை, அங்கே ஒரு பையன். கம்பெனிக்காரர்கள் ஒரு விளக்கம் கேட்கிறார்கள் என்றான்.

"இது அழகுக்காகப் பண்றதா, இல்ல தேவைக்காகப் பண்றதான்னு கேக்கறாங்க சார்."

நான் வாழைக்கறை படிந்த சட்டையோடு நின்றுகொண்டிருந்தேன். "என்ற மூஞ்சியப் பாத்து நீங்களே சொல்லுங்க சாமி. அழகுக்கு வந்த ஆளாட்டமா இருக்குது?" என்றேன். அவன் தலையைக் குனிந்துகொண்டான். பார்வை மறைகிறது என்று நிரூபிக்க ஒரு பரிசோதனை செய்ய வேண்டும் என்றான். கிண்ணம் மாதிரி ஒரு மெஷினுக்குள் மோவாயை வைத்து உட்கார்ந்தேன். அங்கங்கே சின்ன வெளிச்சம் மின்னும், தெரிந்தால் பொத்தானை அமுக்க வேண்டும். முதலில் கண் இருந்தபடியே பார்த்தார்கள். பிறகு இமையைத் தூக்கி நெற்றியோடு டேப் போட்டு ஒட்டிப் பார்த்தார்கள். இரண்டாவது தடவை நான் பொத்தானை விடவே இல்லை. அவ்வளவு வெளிச்சம் மேலே மின்னிக்கொண்டிருந்தது. முதல் தடவை அவை எல்லாம் எங்கே போயிருந்தன என்று மெஷின் பக்கத்தில் இருந்த பெண்ணிடம் கேட்டேன். அங்கேதான் சார் இருந்தது என்றார்.

ஆபரேஷனுக்கு முன் டாக்டரம்மா உட்கார வைத்துச் சொன்னார். இரண்டு கண்ணும் அச்சு அசலாக ஒரே உயரத்துக்கு வரும் என்று சத்தியம் செய்ய மாட்டேன் என்றார். குறைவாகத் தூக்கினால் மறுபடி தைக்க வேண்டியிருக்கும். அதிகமாகத் தூக்கிவிட்டால் தூங்கும்போது கண் முழுக்க மூடாது, கண் காய்ந்துவிடும். சில நாளைக்கு எல்லோருக்கும் கொஞ்சம் அப்படி இருக்கத்தான் செய்யும், மருந்து போட்டுப் பார்த்துக்கொள்ள வேண்டும். திறக்காத கண்ணோடு வந்தவனை மூடாத கண்ணோடு அனுப்பினால் என்ன செய்வது? வேண்டாம் என்றேன். பிறகு வேண்டும் என்றேன். வீட்டுக்குப் போய் யோசிக்கிறேன் என்று எழுந்தேன். சரஸ்வதி சட்டையைப் பிடித்து உட்கார வைத்தாள்.

"மூடாத கண்ண நான் மூடி உடறேனுங்க. நீங்க போயிப் படுங்க," என்றாள்.

மயக்கம் கொடுக்க மாட்டார்கள், இமை மட்டும் மரத்துப்போக ஊசி. அந்த ஊசி வலித்தது, மறைக்க வேண்டியதில்லை. அதற்குப் பிறகு வலி இல்லை. இழுக்கிறது, துடைக்கிறது, ஏதோ கருகுகிற வாடை வருகிறது என்று மட்டும் தெரியும். ரத்தக் குழாயைச் சுட்டு அடைக்கிறார்கள் என்றார்கள். என் இமையே எனக்கு வாடை காட்டுகிறதே என்று நினைத்துக்கொண்டு கிடந்தேன். பாதியில் முதுகுக்குக் கை கொடுத்து என்னை மேஜையின் மேலேயே உட்கார வைத்தார்கள். படுத்திருந்தால் இமையின் சரியான உயரம் தெரியாதாம்.

"என்னைப் பாருங்க," என்றார் டாக்டரம்மா. பார்த்தேன்.

"புருவத்தத் தூக்காம பாருங்க."

"தூக்கலீங்க."

"தூக்கறீங்க. விடுங்க. நெத்தியத் தளர்த்துங்க."

எனக்கு எப்படி என்று தெரியவில்லை. கையை இறக்கு என்றால் இறக்கலாம். எப்போது தூக்கினேன் என்றே தெரியாத ஒன்றை எப்படி இறக்குவது? இந்தச் சண்டை கொஞ்ச நேரம் நடந்தது. ஒருமுறை தளர்த்தினால் அடுத்த நொடி அதுவே ஏறிக்கொண்டது. கடைசியில் அவர் ஒரு யோசனை செய்தார்.

"ஏலத்துல நிக்கறீங்கன்னு வெச்சுக்குங்க. எதிர்ல கெடக்கறது பூரா மொந்தன்."

அவ்வளவுதான், புருவம் கீழே விழுந்துவிட்டது. சுற்றி நின்ற நர்ஸுகள் சிரித்தார்கள். அப்படியே அசையாதீங்க என்று அவசரமாக அளந்து, படுக்க வைத்து முடிச்சுகளைப் போட்டார். என் வாழ்க்கையில் மொந்தனால் எனக்கு ஆன ஒரே உபகாரம் அது.

இரண்டு கண்ணிலும் பஞ்சு வைத்துக் கட்டி அனுப்பினார்கள். நித்யா வீட்டில் இருந்தோம். நான்கு வயதுப் பேரன் என் கையைப் பிடித்து ஒவ்வொரு சாமானாகத் தொட்டுக் காட்டி, இது நாற்காலி, இது கதவு என்று சொல்லிக்கொண்டு வந்தான். மறுநாள் காலை ஆஸ்பத்திரியில் கட்டைப் பிரித்தார்கள். கண் கூசியது, நீர் வழிந்தது. முதலில் தெரிந்தது ஃபேன். நான் அண்ணாந்து பார்க்கவில்லை, நேராகத்தான் உட்கார்ந்திருந்தேன், ஆனாலும் ஃபேன் தெரிந்தது. விட்டம் தெரிந்தது, கதவுக்கு மேல் எழுதியிருந்தது தெரிந்தது. இதெல்லாம் எதற்கு ஒரே சமயத்தில் தெரிகிறது என்று எரிச்சலாகக்கூட இருந்தது. எங்கே பார்ப்பது என்று பிடிபடாமல் சரஸ்வதியைப் பார்த்தேன். அவள் முன்நெற்றி முடி வெளுத்திருந்தது.

"எப்பப் புள்ள நரைச்சுது?"

"அது நரைச்சுப் பல வருசமாச்சுங்க. நீங்க என்ற மோவாயப் பாத்துட்டுல்ல பேசிட்டிருந்தீங்க."

எனக்கு அழுகை வந்துவிட்டது. கண்ணீர் தையலில் பட்டு எரிந்தது. மருந்து எரிகிறது என்று சொல்லிச் சமாளித்தேன்.

முகம் பார்க்கச் சகிக்கவில்லை. இமை ஊதிச் சிவந்திருந்தது, இடது கண் வலது கண்ணைவிட மேலே நின்றது. இது நிலைத்துவிடுமா, வடிந்துவிடுமா என்று கேட்டால் பார்ப்போம் என்றார்கள். மதியம் சாப்பிட்டுவிட்டுப் படுத்தேன். எழுந்து பார்த்தால் சரஸ்வதி தலைமாட்டில் உட்கார்ந்திருக்கிறாள், முகம் பேயறைந்தது போல இருக்கிறது. நான் தூங்கும்போது கண் ஒரு கோடு அளவுக்குத் திறந்தே இருந்ததாம், வெள்ளை விழி தெரிந்ததாம். டாக்டர் முன்கூட்டியே சொன்னதுதான். ஆனால் சொன்னதைக் கேட்பது வேறு, கட்டினவன் கண் திறந்தபடி கிடப்பதைப் பார்ப்பது வேறு. மூக்கில் விரல் வைத்து மூச்சு வருகிறதா என்று பார்த்தேன் என்றாள். அதற்குப் பிறகு நான் எப்போது படுத்தாலும் அவள் மருந்துக் குழாயோடு வந்துவிடுவாள். களிம்பை இட்டு, விரல் நுனியால் இமையைக் கீழே தள்ளி, தூக்கம் வரும்வரை அப்படியே பிடித்துக்கொண்டிருப்பாள். சொன்னபடி செய்தாள்.

வீக்கம் வடிய வடிய இடது கண்ணும் இறங்கி வந்தது. இப்போதும் ஒரு நூல் வித்தியாசம் உண்டு, சொன்னால்தான் தெரியும். நெற்றி வலி போய்விட்டது. நெற்றியில் உழவு ஓட்டியது போல இருந்த கோடுகளும் மெல்ல மறைகின்றன. புருவம் மட்டும் பழைய ஞாபகத்தில் அவ்வப்போது ஏறும். சரஸ்வதி பார்த்தால் "மொந்தன்" என்பாள். இறங்கிவிடும்.

தையல் பிரித்துச் சில நாள் கழித்துச் சந்தைக்குப் போனேன், கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு. எல்லோரும் வந்து விசாரித்தார்கள். மாமா என் தோளைத் தட்டிக்கொடுத்துவிட்டு ஏலத்தை ஆரம்பித்தார். எதிரில் நின்ற அத்தனை முகமும் எனக்கு முழுதாகத் தெரிந்தது. எவன் கேட்கிறான், எவன் கேட்பது போல நடிக்கிறான் என்று தெரிந்தது. ஒரு வரிசை நல்ல ரஸ்தாளி வந்தது. மாமாவைப் பார்த்தேன். வாயைத் திறக்கவில்லை. புருவத்தைத் தூக்கினேன், நானாக, வேண்டுமென்றே.

மாமா என்னைப் பார்த்தார். பார்த்துவிட்டு அடுத்தவனைப் பார்த்தார். ரஸ்தாளி வேறு ஒருவன் குறிக்குப் போய்விட்டது.

அடுத்த வரிசையிலும் தூக்கினேன், அப்போதும் தாண்டிப் போனார். அவர் மேல் குற்றம் இல்லை. என் புருவம் செல்லாது என்று அவர்தான் ஊருக்கெல்லாம் சொல்லியிருந்தார். அது கண்ணைத் திறக்கத் தூக்கியதா, விலைக்குத் தூக்கியதா என்று அவர் எப்படிக் கண்டுபிடிப்பார்? வாய்விட்டுக் கேட்டிருக்கலாம், தொண்டைவரை வந்தது. கேட்டால் இனி காலத்துக்கும் வாயில் கேட்கிறவனாகவே இருந்துவிட வேண்டியதுதான் என்று தோன்றியது. அடக்கிக்கொண்டேன்.

மூன்றாவது வரிசை பூவன். நான் நகர்ந்து போய் மாமாவுக்கு நேர் எதிரில் நின்றேன். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டேன். சிவப்பு இன்னும் ஆறாத இமையோடு, நெற்றியைத் தளர்த்தி, புருவத்தைக் கீழே விட்டு, கண்ணை மட்டும் நன்றாகத் திறந்து அவரைப் பார்த்தேன். அவர் விலையைச் சொன்னார். நான் அசையவில்லை. அடுத்த விலையைச் சொன்னார். அப்போதும் அசையவில்லை. அவர் குரல் கொஞ்சம் தடுமாறியது. என் முகத்திலிருந்து கண்ணை எடுக்காமல் இன்னொரு விலை சொன்னார். நான் புருவத்தை ஒரு தடவை தூக்கி இறக்கினேன்.

ஏலம் நின்றது. எல்லோரும் என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார்கள். மாமா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு குறி போடுகிற பையனிடம் மெதுவாகத் தலையை அசைத்தார். அவன் சுண்ணாம்பை எடுத்துக் காம்பில் வட்டம் போட்டான்.

மதியம் வண்டி வந்து இறக்கியது. சரஸ்வதி ஒவ்வொரு தாராகத் திருப்பிப் பார்த்தாள்.

"ஏனுங்க, பாதி அடிபட்ட தாருங்க இது. இதப் போயி எடுத்திருக்கீங்க?"

"ஆமா புள்ள, அடிபட்ட தார்தான்," என்றேன். "நாந்தான் கேட்டேன்."